கத்தார் உம்முடனே

போன வாரம் ரெஜிஷாவைக் கம்ப்யூட்டர் முன்னால் வாயைப் பிளந்தபடி உட்காரவைத்துவிட்டு நாம் எல்லோரும் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் ஒரு வாரமாக அப்படியேதான் இருக்கிறாள். சோறு பொங்குகிறாள், மீன் சட்டியைத் தூக்கி மாமியாரின் தலையில் வைக்கிறாள், நூலகத்தைத் திறக்கிறாள், பூட்டுகிறாள். ஆனால் ஆள் இங்கே இல்லை.

எங்கே என்று கேட்டால், கோத்தகிரியில். அவள் கண்ணால் கண்டிராத கோத்தகிரியில்.

தேங்காய்ப்பட்டணத்துக் கிளை நூலகத்தின் நூலகர் ரெஜிஷா. இரண்டு வருஷமாக, 2007-லிருந்து, 'மேசையிலேயே வையுங்கள்' என்று ஒரு வலைப்பூ எழுதுகிறாள். படித்து முடித்த புத்தகத்தை வாசகர்களே அலமாரியில் செருகினால் அது எந்தச் சந்தில் போய் ஒளியும் என்று ஆண்டவருக்கே தெரியாது. அதனால் நூலகர்கள் வாழ்நாள் முழுக்கக் கெஞ்சுகிற வாக்கியம் அது. அந்தப் பெயரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்து ஒட்டிக்கொண்டவர்கள் ஐம்பது சொச்சம் நூலகர்கள். ஆளுக்கொரு ஊரில், கரையானோடும் கிழிந்துபோன கடைசிப் பக்கங்களோடும் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள். அரசாங்க வேலை என்பதால் ரெஜிஷா தன் பெயரையும் ஊரையும் எழுதுவதில்லை. அங்கே அவள் பெயர் 'கரையோரம்'.

அந்த ஐம்பது பேரில் ஒருத்தி 'மலைமஞ்சு'. கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூட நூலகம். மதியம் மூன்று மணிக்கே ஜன்னலுக்கு வெளியே மரங்கள் காணாமல் போய்விடும் என்றும், பிள்ளைகள் புத்தகத்தைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு படிப்பார்கள் என்றும் எழுதுவாள். இங்கே புழுக்கத்தில் விசிறிக்கொண்டு அதைப் படிக்கும்போது ரெஜிஷாவுக்கு உள்ளங்கால் குளிரும். முகம் தெரியாது, நிஜப் பெயர் தெரியாது. ஆனாலும் உலகத்தில் தனக்கு ஒரு தோழி உண்டென்றால் அது இவள்தான் என்று ரெஜிஷா நம்பியிருந்தாள்.

அந்த மலைமஞ்சுதான் போன வாரம் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, 'எங்கள் வீட்டில் அருள் நிறைந்த மரியே செபத்தில் கத்தார் உம்முடனே என்றுதான் சொல்வோம்' என்று ஒரு பின்னூட்டம் போட்டுவிட்டுப் போனாள்.

கர்த்தர் உம்முடனே அல்ல. கத்தார்!

உலகம் முழுக்கக் கர்த்தர் என்று சொல்கிற இடத்தில் கத்தார் என்று சொல்கிற ஒரே ஒரு வீடுதான் ரெஜிஷாவுக்குத் தெரியும். அது அவள் வாக்கப்பட்ட வீடு. எட்டு வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் மாமியார் குளோரி அப்படித்தான் செபமாலையை நடத்துகிறாள். வீட்டில் இருப்பவர்களும் பக்கத்தில் முழந்தாளிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, மறுபாதியைச் சொல்கிறார்கள். தப்பு என்று அவளிடம் எடுத்துச் சொல்ல இன்றுவரை அந்த வீட்டில் ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை.

அந்த வீட்டில் ஒரு மகளும் இருந்தாள். ஷிஜி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டை மீறிச் சுசீந்திரத்துச் சிவபிரசாத்தைக் கட்டிக்கொண்டு போனவள். அதன் பிறகு வாக்கப்பட்டு வந்த ரெஜிஷா, தன் நாத்தனாரைப் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. போட்டோக்களைக் குளோரி அடுப்பில் போட்டுவிட்டாள். ரெஜிஷாவின் கணவன் ஷிஜின் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் ஒரு படி மேலே. "அவ இந்தப் படி ஏறினா நான் எறங்கிருவேன்" என்று சபதம் போட்டவன்.

இப்போது கடைசிப் பையன் டெல்வினுக்குக் கல்யாணம். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை. மாப்பிள்ளைக்கு முகத்தில் களை இல்லை. அக்கா இல்லாமல் எனக்கு எதற்குக் கல்யாணம் மைனி என்று அவன் அண்ணி ரெஜிஷாவிடம் மட்டும் கேட்டிருக்கிறான். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவனுக்கு மனப்பாடம். "கடல் ஊருக்குள்ள வந்தப்பம்கூட எட்டிப் பாக்காதவ எனக்க மோளா? நான் செத்தேனா கெடக்கேனான்னு அவளுக்கு அறியணுமா?" என்பாள் குளோரி. சுனாமியைத்தான் சொல்கிறாள். அந்தக் கோபம்தான் பழைய கோபத்தைவிடப் பெரிது.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கும் விடுமுறை, வளைகுடாவுக்கும் விடுமுறை. சாயங்காலம் ஷிஜின் போன் செய்வான். காலையிலிருந்தே சாரல். ஆறு கடலில் போய்ச் சேருகிற இடத்தில் எது ஆறு, எது கடல், எது வானம் என்று தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தது. குடையை விரித்துக்கொண்டு நடந்த ரெஜிஷாவுக்குத் தான் மலைமேல் மஞ்சுக்குள் நடக்கிறோமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எதிரே வந்த மீன் வண்டி ஹாரன் அடித்ததும் தேங்காய்ப்பட்டணம் திரும்பி வந்தது.

டெல்வினின் பிரவுசிங் சென்டரில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். மழைக்கு ஒரு ஆளும் இல்லை.

"மைனி, நேரா கேட்டிருவோம்" என்றான் டெல்வின். "நீ ஷிஜியக்கா தானே? அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை."

"கேட்டா?"

"கேட்டா ஆமாண்ணு சொல்லுவா."

"சொல்லாம வலைப்பூவப் பூட்டிட்டுப் போயிட்டாண்ணா? ஒம்பது வருசமா ஒளிஞ்சிருக்கவ முகத்துல போயி டார்ச் அடிக்கப்பிடாது மக்கா."

நூலகத்தில் இவள் கற்றுக்கொண்ட பாடம் அது. கூச்சப்பட்டு வாசலில் நிற்கிற வாசகரிடம், உனக்கு என்ன வேண்டும் என்று பட்டென்று கேட்டால், சும்மாதான் வந்தேன் என்று அப்படியே திரும்பிப் போய்விடுவார். மேசையில் நாலு புத்தகத்தைப் பரப்பிவைத்துவிட்டு நாம் வேறு பக்கம் பார்க்க வேண்டும். அவராக வந்து தொடுவார்.

அதனால் நேற்று ரெஜிஷா ஒரு பதிவு போட்டிருந்தாள். 'உங்கள் வீட்டில் செபம், மந்திரம், உறுதிமொழி என்று எதையாவது தப்பாகச் சொன்னதுண்டா? சொல்லுங்கள், சிரிப்போம்.'

"அது சரி. ஆனா அவ இல்லாட்டா?" டெல்வின் விடவில்லை. "இந்தக் கடக்கரையில பாதி ஆம்பிளையளு கெல்ஃபுலதான் கெடக்காவ. வேற எந்த வீட்டுலயும் கத்தார் உம்முடனேண்ணு சொல்லியிருக்க மாட்டாவளா?"

ரெஜிஷாவும் ஒரு வாரமாக அதைத்தான் நினைத்து நினைத்துப் புரண்டுகொண்டிருக்கிறாள். தானாக ஒரு நாத்தனாரைக் கற்பனை பண்ணிக்கொண்டு, அவளோடு மனசுக்குள் சமையல்கூடச் செய்துவிட்டாள். இல்லையென்று ஆகிவிட்டால் நாத்தனாரும் போய், தோழியும் போய்விடுவாளே!

பதிவைத் திறந்தார்கள். பின்னூட்டங்கள் குவிந்து கிடந்தன. சேலத்து நூலகர் குமாரதாஸ் சின்ன வயதில் சாரணர் இயக்கத்தில் இருந்தாராம். மாலை போட்ட நாற்பத்தொரு நாளும் 'சாமியே சாரணர் ஐயப்பா' என்று கூவியிருக்கிறார். குருசாமியும் கண்டுபிடிக்கவில்லை. கரூரில் ஒரு அம்மாள், பள்ளிக்கூட உறுதிமொழியில் 'இந்தியர் அனைவரும் என்னுடன் பறந்தவர்கள்' என்று ஐந்தாம் வகுப்புவரை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் பள்ளிக்கூடக் கூரைக்கு மேலே எல்லோரும் வரிசையாகப் பறப்பது தெரியுமாம். உடன்பிறந்தவர்கள் என்று டீச்சர் திருத்திய அன்றைக்கு அழுதேன் என்று எழுதியிருந்தாள்.

டெல்வின் விழுந்து விழுந்து சிரித்தான். ரெஜிஷாவும் சிரித்தாள். ஐம்பது ஊரில் ஐம்பது மேசைகளில் இந்நேரம் யாரோ இதைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்க அவளுக்கு இதமாக இருந்தது.

ஆனால் மலைமஞ்சு வரவில்லை.

பக்கத்தைப் புதுப்பித்தார்கள். வரவில்லை. மறுபடியும் புதுப்பித்தார்கள். டெல்வின் பக்கத்துக் கடையில் பாலில்லாத கட்டன் காப்பி வாங்கி வந்தான். குடித்தார்கள். ரெஜிஷா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மலைப்பாதையில் குடை பிடித்துப் போகிற பெண்ணைப் பின்னாலிருந்து பார்த்தாள். கூப்பிட்டால் திரும்புவாள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

"மைனி! வந்திட்டு!"

'கரையோரம், நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். தப்பாகச் சொன்னது நான் இல்லை, என் அம்மா...'

அவ்வளவுதான். கரண்ட் போய்விட்டது.

"சவத்துக் கரண்டு!" டெல்வின் மேசையை ஓங்கிக் குத்தினான். யு.பி.எஸ். பேட்டரி செத்து மூன்று மாசம் ஆகிறது. கல்யாணச் செலவு முடியட்டும் என்று மாற்றாமல் விட்டிருந்தான்.

இருட்டுக் கடையில் இரண்டு பேரும் கருப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மழை வலுத்தது. அப்போதுதான் வாசலில் மீன் வாசம் வந்தது, பின்னாலேயே குளோரியும் வந்தாள். சந்தையிலிருந்து திரும்புகிற வழியில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறாள். கம்ப்யூட்டருக்கு மீன் நாத்தம் ஆகாது என்று மகன் எப்போதோ விளையாட்டாகச் சொன்னதற்காக, ரோஷப்பட்டுக்கொண்டு இந்தக் கடைக்குள் இதுவரை காலே வைக்காதவள்.

"என்ன ரெண்டும் பேயறைஞ்ச மாதிரி இருக்கிய? வீட்டுல அடுப்பு பத்தவச்சியா ரெஜிஷா?"

"வச்சேன் மாமி. சோறு ஆச்சு."

"பொறவு இஞ்ச என்ன எடுக்கிய?"

பதில் சொல்லுமுன் கரண்ட் வந்துவிட்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு எழுந்தன. எழட்டும் என்று காத்திருக்கிற நேரம் இருக்கிறதே, அப்பப்பா! குளோரி சட்டியை இறக்கிவைத்துவிட்டு முந்தானையால் தலையைத் துவட்டினாள். பக்கம் திறந்தது. ரெஜிஷா படிக்க ஆரம்பித்தாள், வாய்க்குள். பாதியில் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தோளுக்கு மேலே எட்டிப் படித்த டெல்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"யாரு செத்தா?" என்றாள் குளோரி.

"யாரும் சாவல்ல மாமி."

"பின்ன ஏன் கரையிய? ஷிஜினுக்கு வல்லதும் ஆச்சா? வாயத் தொறந்து படி!"

ரெஜிஷா டெல்வினைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், படி என்றா வேண்டாம் என்றா என்று புரியாத ஆட்டு. இனி மறைக்க வழியில்லை. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"'என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. செபமெல்லாம் காதால் கேட்டுப் படித்தது. அப்பா வெளிநாட்டில் இருந்தார். அம்மா தினமும் மாதாவிடம்...' ம்... 'செபம் சொல்லுவாள். அப்பா அங்கேயே இறந்தார், அங்கேயே அடக்கம்...'"

"நில்லு" என்றாள் குளோரி. "நடுவுல எதையோ முழுங்கிட்ட. சாளை மீனுல முள்ளு எடுக்கிய மாதிரி எடுத்து எடுத்துப் படிக்காத. முழுசாப் படி."

முழுசாகப் படித்தாள் ரெஜிஷா. வேறு என்ன செய்வாள்?

"'அம்மா தினமும் மாதாவிடம் கத்தார் உம்முடனே என்பாள். பிள்ளைகள் நாங்கள் தொடையைக் கிள்ளிக்கொண்டு சிரிப்பை அடக்குவோம். பிறகு நான் வீட்டை விட்டு வந்துவிட்டேன். அது பெரிய கதை. கடல் ஊருக்குள் வந்த வருஷம், கேள்விப்பட்டதும் பஸ் பிடித்து ஓடினேன். ஜனங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. செபமாலை. அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆகியும், அன்றைக்கும் கத்தார்தான். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தது. என் முகத்திலே முழிக்காதே என்று சொன்னவள், எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் முன்னால் போய் நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. செபம் முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இங்கே பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கும்போது சில நாள் என் வாயிலும் கத்தார் வந்துவிடுகிறது. அது தப்பா, அம்மாவின் வேண்டுதலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.'"

குளோரி துவட்டிய முந்தானையை உதறித் தோளில் போட்டாள்.

"இத எத்தன பேரு படிச்சான்?"

"ஒரு அம்பது லைப்ரேரியன்மாரு மாமி."

"அம்பது பேரும் எனக்க செபத்தப் பாத்துச் சிரிச்சானா?"

"அம்மா, அவிய ஒன்னச் சிரிக்கல்ல..." என்று டெல்வின் குறுக்கே வந்தான்.

"நீ மிண்டாத. தொடையக் கிள்ளிக்கிட்டுச் சிரிச்சவன்தானே நீயும்? எனக்குத் தெரியாதுண்ணா நெனச்சிய?" குளோரியின் குரல் ஏறியது. "எனக்குக் கர்த்தர் தெரியாதால? கோயில்ல வச்சு நான் எப்படிச் சொல்லுவேண்ணு பக்கத்துல நிக்கவகிட்ட கேளு. கர்த்தர் எல்லாருக்க கூடயும் இருப்பாரு. கத்தார்லதான் எனக்க ஆளு ஒத்தைக்குக் கெடந்தாரு. வீட்டுல வச்சு மாதாகிட்ட அதச் சொல்லாம வேற யாருகிட்ட சொல்ல?"

எட்டு வருஷம் உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் முழந்தாளிட்டதை நினைத்து ரெஜிஷாவுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்பா செத்த பொறவும் ஏம்மா?" டெல்வின் மெதுவாகக் கேட்டான்.

"செத்தாலும் அங்கதானே கெடக்காரு."

சொல்லிவிட்டுக் குளோரி திரையைப் பார்த்தாள். அவளுக்கு அது வெறும் எறும்பு வரிசை. ஆனாலும் மகள் அதற்குள்தான் எங்கோ இருக்கிறாள் என்பதுபோல் குனிந்து, வெகுநேரம் பார்த்தாள்.

"ஜன்னலுக்க வெளியயா நின்னா?"

"ஆமா மாமி."

"வந்தாளா? அவ வந்தாளா?" குரல் உடைந்துவிட்டது. "நான் அஞ்சு வருசமா அவளத் திட்டிக்கிட்டுல்லா இருக்கேன்! இப்பம் எங்க கெடக்கா?"

"கோத்தகிரியில மாமி. ஊட்டிப் பக்கம். பள்ளிக்கூடத்துல லைப்ரேரியன். என்னைய மாதிரிதான்."

"அங்க குளிருமே மோளே" என்றாள் குளோரி. "அவளுக்குச் சின்னதுலயே சளி பிடிக்குமே."

சட்டியை அங்கேயே விட்டுவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தாள். குடையை எடுத்துக்கொண்டு டெல்வின் பின்னாலேயே ஓடினான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள்.

திரும்பி வந்தவன் கேட்டான்: "மைனி, அக்காவுக்கு என்ன எழுதப் போற?"

ரெஜிஷா பின்னூட்டப் பெட்டியில் 'நான் உங்கள்' என்று தட்டினாள். உங்கள் என்ன? தோழியா, அண்ணன் மனைவியா? அழித்தாள். வீட்டுக்குள் என்ன நடக்கப் போகிறதென்று தெரியாமல் ஒருத்தியை வா என்று கூப்பிட்டுவிட்டு, வாசலில் வைத்து மறுபடியும் அவமானப்படுத்தினால் அந்தப் பாவம் யாருக்கு? பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டு எழுந்தாள்.

மதியம் முழுக்கக் குளோரி கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். சோறு வேண்டாம் என்றுவிட்டாள். மழை விட்டு, வீட்டுக்குள் ஈர வெளிச்சம் வந்து, அதுவும் மங்கியது. சாயங்காலம் வழக்கம்போல் அவள்தான் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றினாள். மூன்று பேரும் முழந்தாளிட்டார்கள். குளோரி ஆரம்பித்தாள்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

நிறுத்தினாள். டெல்வின் ஓரக்கண்ணால் ரெஜிஷாவைப் பார்த்தான். கர்த்தர் என்று திருத்திக்கொள்ளப் போகிறாள், அம்பது பேர் சிரித்த வெட்கத்தில் அந்தக் கத்தாரும் இன்றோடு போகப் போகிறது என்று ரெஜிஷாவுக்குத் துக்கமாக வந்தது.

"...கோத்தகிரி உம்முடனே" என்றாள் குளோரி.

ரெஜிஷா முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டே அழுதாள். குளோரி திரும்பிப் பார்க்கவில்லை. செபமாலையில் அடுத்த மணிக்குப் போனாள். அதிலும் கோத்தகிரி. அதற்கடுத்ததிலும் கோத்தகிரி.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. ஷிஜின்! செபமாலை முடிகிற நேரம் தெரிந்து கூப்பிடுகிறவன், இன்றைக்கென்று சீக்கிரம் கூப்பிட்டுவிட்டான். அந்த வீட்டில் இடியே விழுந்தாலும் செபமாலைக்கு நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அது குளோரி போட்ட சட்டம்.

குளோரி எழுந்தாள். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு போய்ப் போனை எடுத்தாள்.

"ஷிஜினா? நான் சொல்லியதக் கேளு. ஒனக்க தங்கச்சி டெல்வினுக்க கல்யாணத்துக்கு வருவா. நானே போயி கூட்டிக்கிட்டு வரப் போறேன்."

அந்தத் தங்கச்சிக்கு இன்னும் ஒன்றுமே தெரியாது மாமி, அவளிடம் இன்னும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை மாமி என்று சொல்ல ரெஜிஷா வாயெடுத்தாள். குளோரி கையமர்த்திவிட்டாள்.

மறுமுனையில் மஸ்கட் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அவ படி ஏறுவா" என்றாள் குளோரி. "நீ எறங்குவியா, இருப்பியா? இப்பமே சொல்லு. எனக்குச் செபம் பாதியில நிக்குது."